வலது கிளிக் மெனு திறக்க 7 நொடி: எந்த ஆட்-ஆன் காரணம்னு எப்படிக் கண்டுபிடிப்பது?

கேட்டவர்:
விண்டோஸ் 11. ஃபோல்டர் மேல் வலது கிளிக் செய்தால் சின்ன மெனு உடனே வருது. அதுல 'ஷோ மோர் ஆப்ஷன்ஸ்' அழுத்தினா 7 நொடி சுத்திட்டுத்தான் பழைய பெரிய மெனு திறக்குது. டெஸ்க்டாப்பில் காலி இடத்தில் இந்தப் பிரச்சினை இல்லை. மெனுவை மாற்றும் ஒரு கருவியைப் போட்டிருந்தேன், எடுத்துட்டேன், அப்படியும் சரியாகலை. ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் இடம்) 'மெனு ஷோ டிலே'யை 400-லிருந்து 0 ஆக்கியும் பார்த்தாச்சு.

பதில் 1:
அதை 400-க்கே திருப்பி வையுங்க. அது துணைமெனு விரிய எத்தனை மில்லிநொடி காத்திருக்கணும் என்ற அளவு மட்டும்தான். 0 வைத்தால் மவுஸ் போகிற வழியிலெல்லாம் துணைமெனு விரிஞ்சு தொல்லை.

காலி இடத்தில் வேகம், ஃபோல்டரில் தாமதம் என்றால், ஃபோல்டருக்கெனப் பதிந்த ஷெல் எக்ஸ்டென்ஷன்களில் (மற்ற மென்பொருள்கள் மெனுவில் சேர்க்கும் ஆட்-ஆன்கள்) ஒன்றுதான் இழுக்குது. இவை ஃபோல்டர்களைக் காட்டும் விண்டோஸ் நிரலான எக்ஸ்ப்ளோரருக்குள்ளேயே ஏறி ஓடும் டிஎல்எல் (நிரல் துண்டு) கோப்புகள். மெனு வரையும் முன் ஒவ்வொன்றிடமும் என்ன சேர்க்கணும்னு எக்ஸ்ப்ளோரர் கேட்கும். ஒன்று நெட்வொர்க் பதிலுக்காக நின்றால் மொத்த மெனுவும் நிற்கும்.

இந்த எக்ஸ்டென்ஷன்களைப் பட்டியலிட்டு முடக்க உதவும் கருவியான நிர்சாஃப்டின் ஷெல்எக்ஸ்வியூ எடுங்க. 64 பிட் பதிப்புதான் வேணும். 32 பிட் பதிப்பில் உங்க எக்ஸ்ப்ளோரர் ஏற்றுகிறவை சரியாத் தெரியாது. 'டைப்' தலைப்பைக் கிளிக் செய்து 'கான்டெக்ஸ்ட் மெனு' (வலது கிளிக் மெனு) வரிசைகளை ஒன்றாக்குங்க. இளஞ்சிவப்பில் இருப்பவை மைக்ரோசாஃப்ட் அல்லாதவை. மற்றதைத் தொடவே வேண்டாம்.

இளஞ்சிவப்பில் 12 இருந்தால் 6-ஐத் தேர்ந்து எஃப்7 அழுத்தி முடக்குங்க. எக்ஸ்ப்ளோரரை டாஸ்க் மேனேஜரில் ரீஸ்டார்ட் செய்யுங்க. ஏற்கெனவே ஏறிய டிஎல்எல் அதுவரை இறங்காது, பலரும் தவறவிடுவது இங்கேதான். தாமதம் போச்சுன்னா குற்றவாளி அந்த 6-க்குள். அதையும் பாதியாக்குங்க, நாலு சுற்றில் பிடிபடும். மற்றவற்றை எஃப்8-ல் திரும்ப இயக்கிடுங்க.

பதில் 2:
ஒவ்வொரு சோதனைக்கும் 'ஷோ மோர் ஆப்ஷன்ஸ்' வரை போக வேண்டாம். ஃபோல்டரைத் தேர்ந்து ஷிஃப்ட்+எஃப்10 அடிச்சா பெரிய மெனு நேரே வரும்.

கேட்டவர்:
பிடிபட்டது! ஒரு மேகச் சேமிப்பு (கிளவுட்) மென்பொருளின் வரிசை. அதை மட்டும் முடக்கினதும் மெனு உடனே திறக்குது. கோப்புகள் ஒத்திசைவு நின்னுடுமா?

பதில் 1:
நிற்காது. ஒத்திசைவு தனி நிரலாகப் பின்னால் ஓடுது. வலது கிளிக்கில் வரும் அதன் கட்டளைகள் மட்டும் போகும். கோப்பு ஐகான் மேல் வரும் பச்சை டிக் 'ஐகான் ஓவர்லே' வகை, அதைத் தொடலைன்னா அப்படியே இருக்கும். அந்த மென்பொருள் அப்டேட் ஆகும்போது எக்ஸ்டென்ஷன் மறுபடி பதிவாகலாம். தாமதம் திரும்பினா முதலில் அதே வரிசையைப் பாருங்க.