மறு: மறு: ‘அன்ரெஸ்ட்ரிக்டட் சப்மரீன் வார்ஃபேர்’ – தமிழில் எப்படி?

> வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டில் இருக்கிற முதல் உலகப் போர்க் கல்வெட்டைப் பற்றிய என் கட்டுரையில் இந்தத் தொடர் வருகிறது. ‘கட்டற்ற நீர்மூழ்கிப் போர்’ என்று போட்டிருக்கிறேன். எம்டனை எடுத்துக்காட்டாகச் சொல்லியிருக்கிறேன். பார்த்துச் சொல்லுங்கள்.

ஐயா, வணக்கம்.

‘கட்டற்ற’ வேண்டாம். கட்டற்ற மென்பொருள், கட்டற்ற கலைக்களஞ்சியம் என்று இணையத்தில் பழகிப் பழகி அந்தச் சொல்லுக்கு நல்ல பேர் வந்துவிட்டது. அதைக் கொண்டுபோய் லூசித்தானியா என்ற பிரிட்டிஷ் பயணிகள் கப்பலோடு ஒட்டலாமா? 1915 மே 7, அயர்லாந்துக் கரையோரம், ஜெர்மன் நீர்மூழ்கி தண்ணீருக்கடியில் பாய்ச்சிய ஒரே டார்பிடோ, 18 நிமிஷத்தில் கப்பல் அடியில். செத்தவர்கள் ஏறக்குறைய 1,200 பேர். ‘வரையறையற்ற’ என்றால் கணக்கு வாத்தியார் நெடி அடிக்கிறது.

எந்தக் கட்டு அவிழ்ந்தது என்று முதலில் பார்த்துவிடுவோம். நம்ம கிறிஸ்டியான்பேட்டை செக்போஸ்டில் லாரியை மடக்குகிற மாதிரிதான் பழைய கடல் வழக்கம். வணிகக் கப்பலை நிறுத்தச் சொல்லணும், ஏறிப் பார்க்கணும், எதிரியுடையது என்றால் பிடிக்கலாம். பிடித்துக்கொண்டு போக வழியில்லை என்றால் மூழ்கடிக்கலாம். ஆனால் அதற்கு முன்னால் பயணிகள், மாலுமிகள், கப்பலின் காகிதங்கள் எல்லாம் பத்திரமான இடம் போய்ச் சேரணும். நிற்கச் சொல்லியும் நிற்காமல் ஓடினாலோ, சோதனைக்கு வந்தவர்களை எதிர்த்தாலோதான் விலக்கு. இந்த வழக்கத்தை நீர்மூழ்கிகளுக்கும் பொருத்தி எழுதிய 1936 லண்டன் நெறிமுறையில் ஒரு நுணுக்கம் உண்டு: உயிர்காப்புப் படகில் இறக்கிவிட்டால் மட்டும் ‘பத்திரமான இடம்’ ஆகிவிடாது. கடலும் வானிலையும் சாதகமாக இருக்கணும். கரையோ இன்னொரு கப்பலோ பக்கத்தில் இருக்கணும். (இதற்கு ஆங்கிலத்தில் பிரைஸ் ரூல்ஸ் என்று பேர். கணினியிடம் விட்டால் ‘பரிசு விதிகள்’ என்று பள்ளி ஆண்டு விழா நடத்திவிடும். ‘கைப்பற்று விதிகள்’ போதும்.)

இதைப் படிக்கும்போது நமக்குப் புறநானூறு 9 நினைவுக்கு வராமல் போகாது. ஆவும் பார்ப்பனரும் பெண்டிரும் பிணியுடையோரும் முதலில் ஒதுங்குங்கள் என்று அறிவித்துவிட்டு, ‘எம்அம்பு கடிவிடுதும் நும்அரண் சேர்மின்’ (அம்பு விடப்போகிறோம், உங்கள் காவலிடம் போய்ச் சேருங்கள்) என்கிறார்கள். அதைப் பாடிய நெட்டிமையார் சொன்ன அரணும் லண்டனில் கையெழுத்தான பத்திரமான இடமும் ஒன்றுதான்.

நீர்மூழ்கியால் இந்த ஒழுங்கைக் காப்பாற்ற முடியவில்லை. மேலே வந்து நின்றால் அதன் உடம்பு மெலிசு. ஒரு சின்ன பீரங்கி போதும் அதைத் துளைக்க. சரக்குக் கப்பல் வேஷத்தில் பீரங்கியை மறைத்து வைத்துப் பிரிட்டிஷார் அலைந்தார்கள். பிடித்த கப்பலை ஓட்டிப்போக ஆள் கிடையாது, பயணிகளை ஏற்ற இடம் கிடையாது. ஜெர்மனி 1915 பிப்ரவரியில் பிரிட்டனைச் சுற்றிய கடலைப் போர்ப்பகுதி என்று அறிவித்தது. அமெரிக்கா முறைத்ததும் கொஞ்சம் பின்வாங்கி, 1917 பிப்ரவரி 1 முதல் முழுசாக இறங்கியது. எச்சரிக்கை போனது, சோதனை போனது, பயணிகள் கப்பலுக்கு இருந்த விலக்கும் போனது.

அதனால் என் முன்மொழிவு: விலக்கிலா நீர்மூழ்கிப் போர். வரிவிலக்கில் வருகிற விலக்கு, மதுவிலக்கில் வருகிற விலக்கு இரண்டுமே இங்கே பொருந்தும். யாருக்கும் சலுகை இல்லை, எதற்கும் தடை இல்லை.

எம்டனை மட்டும் அந்தப் பத்தியிலிருந்து எடுத்துவிடுங்கள். அது நீர்மூழ்கியே இல்லை, தண்ணீருக்கு மேலே ஓடிய ஜெர்மன் போர்க்கப்பல். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னையில் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்தியது உண்மை. ஆனால் வணிகக் கப்பல்களை மூழ்கடிக்கும் முன் ஆட்களை இறக்கிவிடுவார் என்று அதன் தளபதி முல்லருக்கு எதிரிகளிடமே நல்ல பேர். ‘அவன் பெரிய எம்டன்’ என்று நாம்தான் வில்லன் ஆக்கிவைத்திருக்கிறோம். உங்களுக்கு வேண்டியது ‘பெர்சியா’. பம்பாய்க்கு வந்துகொண்டிருந்த பயணிகள் கப்பல். 1915 டிசம்பர் 30, கிரீட் தீவுக்குத் தெற்கே, எச்சரிக்கை இல்லாமல் டார்பிடோ. 519 பேரில் 343 பேர் போனார்கள். ‘277 பேர் போருக்குப் போனார்கள், 14 பேர் உயிர் கொடுத்தார்கள்’ என்று மணிக்கூண்டில் இருக்கிற வரிக்குப் பக்கத்தில் இது நிற்கும். அவர்களில் கடல் கடந்தவர்களுக்கும் கப்பலை விட்டால் வேறு வழி இல்லை.

---

> ‘விலக்கிலா’ என்றால் ‘தவிர்க்க முடியாத’ என்று படித்துவிட மாட்டார்களா? ‘நெறிகெட்ட நீர்மூழ்கிப் போர்’ என்று நேராகவே சொல்லலாமே. ஆம்பூரில் என் மாணவர்களிடம் கேட்டேன், அவர்களுக்கு அதுதான் புரிந்தது.

அம்மா, புரியும், மறுக்கவில்லை. எனக்கும் வாயில் வருவது அதுதான். ஆனால் கலைச்சொல்லிலேயே தீர்ப்பை எழுதிவிட்டால் பிறகு பாடத்தில் என்ன விவாதிப்பது? இரண்டாம் உலகப் போருக்குப் பின் நடந்த நியூரம்பர்க் விசாரணையில், ஜெர்மன் நீர்மூழ்கிப் படையை நடத்திய டோனிட்ஸ் மேல் இந்தக் குற்றச்சாட்டு இருந்தது. பசிபிக்கில் அமெரிக்காவும் முதல் நாளிலிருந்தே இப்படித்தான் போரிட்டது என்று அங்கே அமெரிக்கக் கடற்படையை நடத்திய அட்மிரல் நிமிட்ஸே எழுத்தில் கொடுத்தார். அதையும் இதே மாதிரி பிரிட்டிஷ் கடற்படை போட்ட ஆணைகளையும் கணக்கில் எடுத்து, நீர்மூழ்கிப் போர் மீறல்களுக்காகத் தண்டனை அளக்கவில்லை என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஜெர்மனி, பிரிட்டன், அமெரிக்கா மூன்று பேருக்கும் பொருந்துகிற சொல் வேண்டும்.

மாணவர்களுக்கு ‘திலாவா’ கதையைச் சொல்லிப் பாருங்கள். 1942 நவம்பர் 23. பம்பாயிலிருந்து ஆப்பிரிக்காவுக்குக் குடும்பம் குடும்பமாகப் போன கப்பல், 958 பேர். ஜப்பானிய நீர்மூழ்கி விட்ட முதல் டார்பிடோவில் உடனே மூழ்கவில்லை. படகில் இறங்கியவர்களில் சிலர், கப்பல் தாங்கும் என்று நம்பித் திரும்ப ஏறினார்கள். பிறகு இரண்டாவது டார்பிடோ வந்தது. 280 பேர் இறந்தார்கள். இதற்குப் பிறகு ‘விலக்கிலா’ என்று எழுதினால் ‘தவிர்க்க முடியாத’ என்று ஒருவரும் படிக்க மாட்டார்கள்.

வேண்டுமானால் முதல் முறை வரும் இடத்தில் மட்டும் ‘எச்சரிக்கையும் விலக்கும் இல்லாத நீர்மூழ்கிப் போர்’ என்று விரித்து எழுதிவிட்டு, அடுத்ததிலிருந்து சுருக்கிக்கொள்ளலாம். டார்பிடோ டார்பிடோவாகவே இருக்கட்டும். ‘நீர்மூழ்கிக் குண்டு’ என்று போட்டால் நீர்மூழ்கி போடுகிற குண்டா, நீர்மூழ்கி மேல் போடுகிற குண்டா என்று அடுத்த இழை ஆரம்பித்துவிடும்.