புதுப்பிப்பு: ரைசன் 5 5600-க்கு பட்ஜெட் ஏர் கூலர் – தீர்ந்தது

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. கேள்வி இதுதான்: என் கணினியின் ஏஎம்டி ரைசன் 5 5600 பிராசஸருக்கு, அதோடு வந்த ரெய்த் ஸ்டெல்த் கூலரில் முழு லோடில் (முழு வேலைப்பளுவில்) 88 டிகிரி, கூடவே ஓயாத இரைச்சல்; குறைந்த விலையில் வேறு எந்த ஏர் கூலர் போடலாம்? இந்தச் சிப்பின் உச்ச வரம்பே 90தான்.

"76 வாட்டுக்கு மேல் இழுக்காத சிப்புக்கு இரட்டை டவர் (இரண்டு தகட்டு அடுக்குகள் கொண்ட பெரிய கூலர்) தண்டச் செலவு, 120 மி.மீ. ஃபேனுடன் ஒற்றை டவர் போதும்" என்ற யோசனைதான் பலித்தது. டீப்கூல் ஏஜி400 போட்டாச்சு. உயரம் 150 மி.மீ., கேபினெட்டில் இடித்ததில்லை. அதே லோடில் இப்போது 69 டிகிரி. அறை வெப்பம் இரண்டு முறையும் 31.

கழற்றும்போது கவனம். பழைய கூலரை நேராக இழுத்தால் காய்ந்த பேஸ்ட்டோடு (சிப்புக்கும் கூலருக்கும் நடுவே பூசும் வெப்பம் கடத்தும் பசை) பிராசஸரும் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வரும், பின்கள் வளையும். பத்து நிமிடம் லோடு கொடுத்துச் சூடாக்கி, ஆஃப் செய்து பிளக்கைப் பிடுங்கி, இடமும் வலமுமாக மெல்லத் திருகியபின் தூக்கவும்.

யாரும் சொல்லாத ஒன்று: ஸ்டெல்த்தின் நான்கு ஸ்க்ரூவும்தான் மதர்போர்டின் பின்தகட்டைப் பிடித்திருக்கின்றன. கடைசி ஸ்க்ரூ கழன்றதும் தகடு பின்னால் விழுந்துவிடும். புதிய கூலருக்கும் அதே தகடு வேண்டும், ஆகவே பின்பக்க மூடியைத் திறந்து ஒரு கையால் தாங்கிக்கொள்ளுங்கள்.

பிரவுசர் திறந்தாலே ஃபேன் வேகம் ஏறி இறங்கியது. சிப்பின் வெப்பம் நொடியில் தாவுவதுதான் காரணம். பயாஸில் (மதர்போர்டின் அடிப்படை அமைப்புத் திரை) 60 டிகிரி வரை ஃபேன் வேகம் 40 சதவீதம் என்று நிறுத்தியதும் அடங்கிவிட்டது.