வெல்லம்பிட்டிய கால்வாய் வரைபடம்: உயரம் மைனஸில் வருகிறது, நடுப்பகுதி வீங்கி நிற்கிறது. உதவி தேவை

கால்வாய்க்கரை:
வணக்கம். வெல்லம்பிட்டியவில் எங்கள் ஒழுங்கையையும் பக்கத்துக் கால்வாயையும் ட்ரோனால் படமெடுத்து வரைபடமாக்கப் பார்க்கிறேன். 2016 மே வெள்ளத்தில் மாமி வீட்டுக்குள் யன்னல் அடி வரை தண்ணீர் நின்றது. அந்தக் கறை சுவரில் இன்னும் இருக்கிறது. எந்தக் கரை தாழ்வு, தண்ணீர் முதலில் எந்தப் பக்கத்தால் ஏறும் என்று அயலவர்களுக்கு ஒரு தாளில் காட்டவேண்டும்.

ட்ரோன் பாண்டம் 4 ப்ரோ. இடம் 600 மீற்றர் நீளம், 400 அகலம். பறப்பு உயரம் 80 மீற்றர், படங்களின் மேற்பொருந்தல் (அடுத்தடுத்த படங்கள் பொதுவாகக் காட்டும் பகுதி) முன்பின் 75%, பக்கவாட்டில் 60%. கமரா நேரே கீழே பார்க்க வைத்தேன். புத்தாண்டு விடுமுறையில் தெருவில் சனம் இல்லையென்று நடுப்பகல் 12 மணிக்கு விட்டேன். படங்களை இணைத்து வரைபடமாக்குவது வெப்ஓடிஎம் மென்பொருள்.

உயரத்தைத் தரையோடு பொருத்தும் புள்ளிகளுக்காக உரச் சாக்கை 60 சென்ரிமீற்றர் சதுரமாக வெட்டி, கறுப்புப் பெயின்ற்றால் சிலுவைக் குறி போட்டு, 5 இடத்தில் ஆணி அடித்து விரித்தேன். ஐந்தும் வீதியோரம். நண்பனின் ஜிஎன்எஸ்எஸ் (செய்மதி வழி இடமறியும்) கருவியால் அளந்தால் எல்லா உயரமும் −94 ஐ ஒட்டி வருகிறது. கருவியில் கோளாறு என்று நினைத்து மைனஸ் குறியை அழித்துவிட்டுப் போட்டேன். இப்போது கால்வாய்க்குக் கிட்ட இருக்கும் புள்ளி மற்றவற்றைவிட உயரமாக நிற்கிறது! புள்ளிகளே இல்லாமல் ஓடவிட்டால் நிலம் நடுவில் ஒன்றரை மீற்றர் வீங்குகிறது. ஆகாயத்தாமரை மூடிய சதுப்பு வரைபடத்தில் வெறும் ஓட்டை. பத்து மாடித் தொடர்மாடியின் கூரை பிய்ந்து கிடக்கிறது. மூன்று இரவாக இதோடுதான் இருக்கிறேன்.

தெகிவளை அளவையாளர்:
தம்பி, கருவியில் பிழை இல்லை. அந்த மைனஸ் சரி. அதை உடனே திரும்பப் போடுங்கள்.

செய்மதிக் கருவி தருவது கடல் மட்டத்திலிருந்து உயரம் அல்ல. பூமியைத் துருவங்களில் சற்றுத் தட்டையான சீரான உருண்டையாக வைத்துக்கொண்ட ஒரு கணிதப் பரப்பிலிருந்து உயரம். நிஜக் கடல் மட்டம் அந்தப் பரப்போடு எல்லா இடத்திலும் ஒட்டிப் போவதில்லை. இந்தியாவுக்கும் எங்களுக்கும் தெற்கே இந்து சமுத்திரத்தில் அது 106 மீற்றர் அளவுக்குக் கீழே இறங்குகிறது. கடல் மட்டப் பரப்பில் உலகத்திலேயே ஆழமான பள்ளம் அதுதான். கொழும்பு அதன் ஓரத்தில் இருப்பதால் இங்கே வித்தியாசம் ஏறத்தாழ −97. உங்கள் −94 இலிருந்து −97 ஐக் கழியுங்கள்: 3 மீற்றர். வெல்லம்பிட்டிய முற்றத்துக்கு அது பொருந்துகிறதா இல்லையா?

குறியை அழித்ததால் நடந்ததைப் பாருங்கள். −94.6 என்ற புள்ளி −93.8 ஐவிடத் தாழ்வு. குறி போனதும் 94.6 தான் பெரிய எண். பள்ளம் மேடாகிவிட்டது, மேடு பள்ளமாகிவிட்டது. வெள்ள வரைபடத்தில் இதைவிட ஆபத்தான பிழை கிடையாது. அந்தத் தாளைப் பார்த்துச் சனம் தாழ்ந்த கரைப்பக்கம் சாமானைக் கொண்டுபோய் வைக்கும்.

ஐந்துக்கும் ஒரே திருத்தம் போட்டுக் கடல் மட்ட உயரமாக்கிய பிறகே மென்பொருளுக்குக் கொடுக்கும் புள்ளிக் கோப்பில் எழுதுங்கள். கோப்பின் முதல் வரியில் எந்த ஆள்கூற்று முறை போட்டிருக்கிறீர்கள்? நில அளவைத் திணைக்களத்தின் இலங்கைக் கட்டம் என்றால் அதன் குறியீட்டெண் 5235, உலகப் பொது முறையான யுடிஎம் 44 வடக்கு என்றால் 32644. ஒன்றின் ஆள்கூறுகளை மற்றதன் பெயரில் எழுதினால் புள்ளி வேறு ஊரில் போய் விழும்.

மொறட்டுவை மாணவி:
அண்ணா சொன்னது உயரத்துக்கு. நடுவில் வீங்குவது பறப்புத் திட்டத்தால். எல்லாப் படமும் ஒரே உயரத்தில், ஒரே நேர்கீழ்ப் பார்வையில் இருந்தால், கமரா வில்லையின் வளைவு எது, நிலத்தின் வளைவு எது என்று மென்பொருளால் பிரிக்க முடியாது. வில்லையின் சிறு பிழையை நிலத்தில் ஏற்றிவிடும். கமராவை 20 பாகை சரித்து, முதல் பறப்புக் கோடுகளுக்குக் குறுக்கே, 95 மீற்றரில் இன்னொரு சுற்று எடுங்கள். சாக்குகளை வீதியோரத்தில் மட்டும் வைக்காமல் நான்கு மூலைக்கும் நடுவுக்கும் பிரியுங்கள். கூட இரண்டு புள்ளியை அளந்து, கோப்பில் போடாமல் வையுங்கள். முடிவில் சரிபார்க்க அவை மட்டும்தான் நேர்மையான சாட்சி.

கூரை கிழிவதற்குக் கணக்கு இருக்கிறது. உங்கள் கமரா 80 மீற்றரில் 120 மீற்றர் அகலம் பார்க்கும். பக்கவாட்டு 60% என்றால் கோடுகளுக்கு இடையே 48 மீற்றர். 30 மீற்றர் உயரக் கூரையிலிருந்து ட்ரோன் 50 மீற்றர்தான் தூரம். அங்கே படத்தின் அகலம் 75 மீற்றராகச் சுருங்கி, மேற்பொருந்தல் 36% ஆகிவிடும். பக்கவாட்டை 75% ஆக்குங்கள். கோடுகள் 30 மீற்றருக்கு வரும், கூரையிலும் 60% கிடைக்கும். முன்பின் 80%, வேகம் செக்கனுக்கு 6 மீற்றர், 2.7 செக்கனுக்கு ஒரு படம். கமரா திணறாது. மொத்தம் 14 கோடு, 23 நிமிடம் அளவில். ஒரு பற்றரியில் முடிக்கப் பார்க்காதீர்கள், பாதியில் மாற்றுங்கள்.

நேரமும் பிழை. சித்திரையில் கொழும்பு நடுப்பகலில் சூரியன் உச்சந்தலைக்கு மேலேயே நிற்கும். அதன் பிரதிபலிப்பு தண்ணீரில் படத்தின் நடுவிலேயே விழும். ஒரு படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், கால்வாயில் வெள்ளைப் பொட்டு ஒன்று ட்ரோனோடு கூடவே நகரும். காலை 9 மணிக்குள் முடித்தால் அது படத்துக்கு வெளியே போய்விடும். கடல்காற்றும் அப்போது எழும்பியிருக்காது, ஆகாயத்தாமரை இலைகள் அசையாமல் நிற்கும்.

களனிக்கரை:
அனுமதி பற்றி எழுதவில்லையே. சிவில் விமான சேவைகள் அதிகாரசபைப் பதிவும் பாதுகாப்பு அமைச்சின் அனுமதியும் இருக்கிறதா? கொலன்னாவையில் எரிபொருள் களஞ்சியம், தெற்கே போனால் பாராளுமன்றம். 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுத் தாக்குதல்களுக்குப் பிறகு நாடு முழுக்க ட்ரோன் நிறுத்தப்பட்டது நினைவிருக்கும். குறுக்குச் சுற்று கூடினால் எல்லையும் கூடும், அனுமதியில் எழுதிய இடத்துக்குள் அது அடங்குகிறதா பாருங்கள்.

கால்வாய்க்கரை:
இரண்டும் இருக்கிறது. எல்லைக்குள் நிற்கவேண்டும் என்று குறுக்குக் கோடுகளின் கிழக்கு முனையை 40 மீற்றர் வெட்டினேன்.

ஞாயிறு காலை 7.40க்குத் தொடங்கி 8.45க்கு முடித்தேன். மைனஸைத் திரும்பப் போட்டு 97 கூட்டினேன். வீக்கம் போய்விட்டது. கோப்பில் போடாத இரண்டு புள்ளியும் உயரத்தில் 4, 6 சென்ரிமீற்றர்தான் விலகல். கூரை முழுதாக வந்திருக்கிறது. ஆகாயத்தாமரை ஓட்டை கால்வாசிக்குச் சுருங்கியது, முழுக்கப் போகவில்லை.

மாமி வீட்டுப் பக்கக் கரை எதிர்க்கரையைவிட 35 சென்ரிமீற்றர் தாழ்வு. பழைய வரைபடத்தில் நேர்மாறாக இருந்தது. அதை அயலவர் குழுவில் ஏற்கெனவே அனுப்பியிருந்தேன். இன்று காலையே அழித்துவிட்டு, புதியதோடு வீடுவீடாகப் போகிறேன்.

தெகிவளை அளவையாளர்:
போகும்போது சாக்குக் குறி இருந்த இடங்களில் ஆணியைக் கழற்றாமல் விடுங்கள் தம்பி. அடுத்த வருடமும் அதே புள்ளியில் அளக்கலாம். மிச்ச ஓட்டைக்கு அந்தத் துண்டை மட்டும் 110 மீற்றரில் எடுத்துப் பாருங்கள், அனுமதி அந்த உயரத்துக்கு இடம் தந்தால். படங்களைப் பொருத்த அடையாளமாக ஒவ்வொரு படத்திலும் கரை கொஞ்சம் விழவேண்டும்.