1974 வெஸ்டர்லி சென்டாருக்கு இன்சூரன்ஸ்: மூன்று இடத்தில் கேட்டேன், மூன்று விதமான பதில். எதை எடுப்பது?

மெட்வேக்காரன்:

வணக்கம். கென்ட்டில், மெட்வே ஆற்றில் வைத்திருக்க ஒரு பழைய பாய்மரப் படகு வாங்கியிருக்கிறேன். வெஸ்டர்லி சென்டார், 26 அடி, 1974-இல் கட்டியது. விலை 4,800 பவுண்ட். அடியில் இரட்டைக் கீல், அதாவது கீழே நீண்டு நிற்கும் இரண்டு கனத்த தகடுகள், இருப்பதால் தண்ணீர் வற்றினாலும் சேற்றில் நிமிர்ந்து நிற்கும். இப்படி வற்றும் மூரிங்குக்கு (படகைக் கட்டிவைக்கும் இடத்துக்கு) வாடகையும் குறைவு, அதனால்தான் இந்த மாடலைத் தேடி வாங்கினேன்.

இன்சூரன்ஸில்தான் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். மூன்றாம் தரப்புப் பொறுப்புக்கு 30 லட்சம் பவுண்ட் காப்பீடு இருந்தால்தான் படகை விடுவோம் என்கிறார்கள் மூரிங் தருபவர்கள். மூன்று இடத்தில் விசாரித்தேன்.

முதல் இடம் முழுக் காப்பீடு தருகிறது. ஆண்டுக்கு 236 பவுண்ட், படகின் மதிப்பு 5,000 என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்டு எழுதித் தருவார்கள். ஆனால் படகு பழையது என்பதால் கரையேற்றிப் பார்த்த புது சர்வே அறிக்கை, அதாவது நிபுணர் சோதித்து எழுதிய அறிக்கை, வேண்டுமாம். சர்வேயர் 520 கேட்கிறார், கிரேனில் தூக்கி இறக்க 280. படகு விலையில் ஆறில் ஒரு பங்கு இதற்கே போய்விடும். இரண்டாவது இடமும் முழுக் காப்பீடுதான், 148 பவுண்ட், சர்வே எதுவும் கேட்கவில்லை, ஆனால் இழப்பு நேர்ந்தால் அன்றைய சந்தை மதிப்புதான் கிடைக்கும். மூன்றாவது, மூன்றாம் தரப்பு மட்டும், 88 பவுண்ட்.

148-ஐக் கட்டிவிட்டுப் போகலாம் என்று வீட்டில் சொல்கிறார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை, ஆனால் ஏன் என்று சொல்லவும் தெரியவில்லை. கோடையில் பெல்ஜியத்தில் ஓஸ்டெண்ட் வரை போகும் ஆசையும் இருக்கிறது. முந்தைய உரிமையாளர் 2011-இல் எடுத்த சர்வே அறிக்கை கையில் உள்ளது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கடற்காகம்:

வாழ்த்துகள், நல்ல படகு. சென்டார் 2,000-க்கும் மேல் கட்டப்பட்டது, இன்னும் இங்கிலாந்துக் கரையெங்கும் மிதக்கிறது.

148-ஐ இன்றே கட்ட வேண்டாம், கொஞ்சம் பொறுங்கள். மூன்றும் மூன்று வேறு சரக்கு, விலையை வைத்து ஒப்பிட முடியாது. இரண்டாவது இடத்தின் பாலிசி வாசகம் முழுவதையும் கேட்டு வாங்குங்கள். ஒரு பக்கச் சுருக்கத்தில் ஒன்றும் தெரியாது. அதில் "தேய்மானம்" என்ற சொல் எங்கே வருகிறது, அந்த வாக்கியம் எப்படி முடிகிறது என்று பாருங்கள். பழைய படகுக்கு இன்சூரன்ஸ் பணம் கிடைப்பதும் கிடைக்காததும் பெரும்பாலும் அந்த ஒரு வாக்கியத்தில்தான் இருக்கிறது.

இன்னும் சில விவரம் வேண்டும். பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகள், அதாவது ஸ்டாண்டிங் ரிக்கிங், எந்த ஆண்டு மாற்றியது? பில் இருக்கிறதா? படகின் அடியில் உள்ள துளைகளை அடைக்கும் சீகாக் வால்வுகள் பித்தளையா, வெண்கலமா? கீல்களுக்கு வலுவூட்டும் வேலை நடந்திருக்கிறதா? சென்டாருக்கு அது தெரிந்த பலவீனம். கீல்கள் இரண்டும் வெளிப்பக்கம் சாய்ந்து நிற்பதால் தரைதட்டும் ஒவ்வொரு முறையும் அடிப்பகுதியை அகட்டப் பார்க்கும். பல ஆண்டு சேற்றில் நின்ற படகு என்றால் கண்டிப்பாகப் பார்க்க வேண்டும்.

வேலணை:

தம்பி, ஓஸ்டெண்ட் பற்றி முதலில் கதைத்துவிடுகிறேன். காப்புறுதிப் பத்திரத்தில் பயண எல்லை என்று ஒரு வரி இருக்கும். பிரித்தானியக் கரையோரம் மட்டும் என்று இருந்தால் அந்தக் கரையை விட்டு விலகிய பிறகு நீங்கள் காப்புறுதி இல்லாத ஆள். பல நிறுவனங்கள் "பிரெஸ்ட் முதல் எல்பே வரை", அதாவது பிரான்சின் பிரெஸ்ட் துறைமுகம் முதல் ஜெர்மனியின் எல்பே ஆறு வரை, என்று எழுதித் தரும், ஓஸ்டெண்ட் அதற்குள் அடங்கும். தனியாக ஓட்டுவீர்களா என்பதையும் சொல்லிவிடுங்கள். தனி ஆளாக எத்தனை மணி நேரம் ஓடலாம் என்று வரம்பு வைக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

88 பவுணுக்குக் கிடைப்பதை ஒதுக்கிவிடாதீர்கள். 5,000 பவுண் படகு மூழ்கினால் உங்களுக்குப் போவது 5,000. ஆனால் மற்றப் படகுகள் போகும் வழியில், துறைமுகத்தின் நடுவில் மூழ்கினால் அதைத் தூக்கி அகற்றச் சொல்வார்கள். 1995 வணிகக் கப்பல் சட்டத்தின் 252-ஆம் பிரிவில் துறைமுக நிர்வாகமே அகற்றிவிட்டுச் செலவை உரிமையாளரிடம் வசூலிக்க அதிகாரம் இருக்கிறது. பாரந்தூக்கிப் படகு, முக்குளிப்பவர்கள், எண்ணெய் பரவாமல் மிதவை வேலி... படகு விலையை விடப் பல மடங்கு போகும். அதனால் மூன்றாம் தரப்புப் பாலிசியில் சிதைவு அகற்றும் செலவு அடங்குமா என்று எழுத்தில் கேளுங்கள். அடங்கும் என்றால் 88 மோசமில்லை.

ஒரு குறை மட்டும் உண்டு. உங்கள் படகை யாராவது கயிறு போட்டு இழுத்துக் காப்பாற்றி மீட்புக்கூலி கேட்டால் அது மூன்றாம் தரப்புப் பாலிசியில் பெரும்பாலும் வராது, உங்கள் கையிலிருந்துதான் போகும்.

மெட்வேக்காரன்:

இரண்டு பேருக்கும் நன்றி. பார்த்துவிட்டு வந்தேன்.

ரிக்கிங் எப்போது மாற்றினார்கள் என்று தெரியவில்லை, பில் எதுவும் இல்லை. 2011 அறிக்கையில் "வயது தெரியாது, விரைவில் மாற்றவும்" என்று இருக்கிறது. அதற்குப் பிறகு மாற்றியதாக எந்தக் காகிதமும் இல்லை. சீகாக் மூன்று, பச்சை பிடித்துக் கிடக்கின்றன, என்ன உலோகம் என்று எனக்குத் தெரியவில்லை.

இரண்டாவது இடத்தின் முழு வாசகம் வந்துவிட்டது. தேய்மானம் வரும் இடம் இப்படி இருக்கிறது: தேய்மானம், அரிப்பு, பராமரிப்பின்மை "ஆகியவற்றால் நேரடியாகவோ மறைமுகமாகவோ ஏற்படும் எந்த இழப்பும்" அடங்காது. முதல் இடத்தின் வாசகத்தில் "தேய்ந்த பாகத்தை மாற்றும் செலவு" அடங்காது என்று மட்டும்தான் இருக்கிறது. வித்தியாசம் இருப்பது புரிகிறது, எவ்வளவு பெரியது?

சுக்கான்:

மிகப் பெரியது. நான் லண்டனில் சட்டத்துறையில் இருக்கிறேன், இது என் அன்றாட வேலை இல்லை, ஆனாலும் படித்தவரை சொல்கிறேன்.

ஒரு கம்பி அரித்து அறுந்து பாய்மரம் சாய்கிறது என்று வையுங்கள். முதல் பாலிசியில் அந்தக் கம்பிக்குப் பணம் கிடையாது. சாய்ந்த பாய்மரம், கிழிந்த பாய், உடைந்த தளம் ஆகியவற்றுக்குக் கேட்க வழி இருக்கிறது. இரண்டாவது பாலிசியில் எல்லாமே அந்தக் கம்பியிலிருந்து வந்தது என்று மொத்தமாகக் கையை விரிக்கலாம். "மறைமுகமாகவோ" என்ற ஒரு சொல் அவ்வளவு வேலை செய்கிறது. 1906 கடல்சார் காப்பீட்டுச் சட்டத்தின் 55-ஆம் பிரிவு, பாலிசியில் வேறு மாதிரி எழுதாதவரை சாதாரணத் தேய்மானத்துக்குப் பொறுப்பில்லை என்றுதான் சொல்கிறது. ஆகவே பாலிசியில் என்ன எழுதியிருக்கிறது என்பதுதான் எல்லாம்.

இதற்கு இங்கேயே புகழ்பெற்ற வழக்கு ஒன்று உண்டு. 1980 ஜூலையில் 'மிஸ் ஜே ஜே' என்ற மோட்டார் படகு பிரான்சின் டோவிலிலிருந்து இங்கிலாந்தின் ஹாம்பிளுக்குத் திரும்பும்போது கடல் அடித்ததில் அடிப்பகுதி சேதமானது. படகின் வடிவமைப்பிலேயே குறை இருந்தது, கடலும் மோசமாக இருந்தது. இரண்டும் சேர்ந்துதான் காரணம் என்று முடிவானது. மேல்முறையீட்டு நீதிமன்றம் உரிமையாளர் பக்கம் தீர்ப்பளித்தது. ஏனென்றால் அந்தப் பாலிசியில் கடலின் ஆபத்து அடங்கியிருந்தது, வடிவமைப்புக் குறை விலக்கப்படவில்லை. விலக்கியிருந்தால் தீர்ப்பு மாறியிருக்கும். உங்கள் இரண்டாவது பாலிசி தேய்மானத்தைத் தெளிவாக விலக்குகிறது.

இன்னொன்றும் முக்கியம். 2011 அறிக்கை இப்போது உங்கள் கையில் இருக்கிறது, அதில் ரிக்கிங்கை மாற்றச் சொல்லியிருக்கிறது. விண்ணப்பத்தில் "படகில் தெரிந்த குறை ஏதும் உண்டா" என்று கேட்டால் இதைச் சொல்ல வேண்டும். 2012-இல் வந்த நுகர்வோர் காப்பீட்டுச் சட்டப்படி கேட்ட கேள்விக்குத் தவறான பதில் தராமல் நியாயமான கவனம் எடுப்பது உங்கள் கடமை. கவனக்குறைவாகத் தவறான பதில் போயிருந்தால், சரியான பதிலுக்கு அவர்கள் இருமடங்கு பிரீமியம் கேட்டிருப்பார்கள் என்றால், கிளைமில் பாதிதான் தருவார்கள். தெரிந்தே மறைத்தால் பாலிசியே செல்லாது. அது போக, குறை தெரிந்தும் கடலுக்குக் கொண்டுபோனால் அந்தக் குறையால் வந்த இழப்புக்குப் பொறுப்பில்லை என்று 1906 சட்டத்தின் 39-ஆம் பிரிவிலும் இருக்கிறது.

கடற்காகம்:

சுக்கான் சொன்னதைப் படித்தபிறகு 148 பற்றிப் பேச ஒன்றுமில்லை. பணம் கட்டும்போது மலிவு, கேட்கும்போது கிடைக்காது.

என் யோசனை இது. சர்வே எடுங்கள், ஆனால் இன்சூரன்ஸுக்காக மட்டும் எடுப்பதாக நினைக்காதீர்கள். கீல், சீகாக், ரிக்கிங் மூன்றும் என்ன நிலையில் இருக்கின்றன என்று தெரியாமல் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு தேம்ஸ் முகத்துவாரத்தைத் தாண்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. எப்படியும் அடியில் பெயின்ட் அடிக்கக் கரையேற்றத்தான் போகிறீர்கள், அதே தூக்கலில் சர்வேயரையும் வரச் சொன்னால் 280 இரண்டு முறை போகாது. வாங்குவதற்கு முன் எடுக்கும் விரிவான சர்வே உங்களுக்குத் தேவையில்லை, காப்பீட்டுக்கான நிலை மற்றும் மதிப்பு சர்வே போதும், கொஞ்சம் குறைத்து வாங்குவார்கள். ஒய்.டி.எஸ்.ஏ. அல்லது ஐ.ஐ.எம்.எஸ். என்ற சர்வேயர் அமைப்புகளில் உறுப்பினரா என்று பாருங்கள், அவர் அறிக்கையை ஏற்பார்களா என்று நிறுவனத்திடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

அதுவரை நீங்களே செய்யக்கூடியது: சீகாக்கின் பச்சையைச் சாவி முனையால் சுரண்டுங்கள். கீழே மஞ்சள் மினுமினுப்பு வந்தால் உலோகம் இன்னும் இருக்கிறது. செங்கல் பொடி மாதிரி இளஞ்சிவப்பு தெரிந்தால் துத்தநாகம் உப்புநீரில் போய்விட்டது, மிஞ்சியிருப்பது நொய்ந்த செம்பு. ஒரு தட்டுத் தட்டினால் உடையும், அதனால் தட்டாதீர்கள், படகு கரையில் இருக்கும்போது மாற்றுங்கள். அப்புறம் சலூன் (படகின் உள்ளே உட்காரும் அறை) இருக்கைகளுக்கு அடியில் உள்ள மூடியைத் திறந்து கீல் போல்ட் நட்டுகளைச் சுற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். நட்டிலிருந்து முடி மாதிரி விரிசல் ஓடுகிறதா, துருக் கோடு வழிகிறதா என்று படம் எடுத்து சர்வேயருக்குக் காட்டுங்கள்.

வேறு நிறுவனங்களிடமும் கேளுங்கள். பான்டேனியஸ், ஜி.ஜே.டபிள்யூ., ஹேவன் நாக்ஸ்-ஜான்ஸ்டன் எல்லாம் இந்தத் துறையிலேயே இருப்பவர்கள். ஆனால் யார் பெயரில் வந்தாலும் பின்னால் இருந்து பணம் தரப்போகும் அண்டர்ரைட்டர் யார் என்று கேளுங்கள். இரண்டு தரகர் தரும் இரண்டு விலையும் ஒரே அண்டர்ரைட்டரிடமிருந்து வருவது நடக்கும். 12 சதவீதக் காப்பீட்டு வரி சேர்ந்த விலையா என்றும் பாருங்கள்.

வேலணை:

மதிப்பு பற்றியும் ஒரு சொல். 5,000 என்று ஒப்புக்கொண்டு எழுதிவிட்டால், மோசடி இல்லாதவரை அந்தத் தொகைதான் முடிவு. சந்தை மதிப்பு என்றால் படகு போன பிறகு உட்கார்ந்து பேரம். ஐம்பது வயதுப் படகுக்கு அந்தப் பேரம் நல்லபடி முடியாது. இன்னொன்று, டீசல் இயந்திரம் ஒன்று புதிதாக மாற்றினாலே படகு வாங்கிய விலையைத் தாண்டிவிடும். சின்னச் சேதம் மாதிரித் தெரிவதே முழு இழப்புக் கணக்கில் போய்விடலாம்.

மெட்வேக்காரன்:

சர்வே முடிந்தது, அதுதான் இத்தனை நாள் எழுதவில்லை. மூன்று சீகாக்கில் இரண்டு இளஞ்சிவப்பு, மாற்றியாகிவிட்டது. கீலுக்கு வலுவூட்டல் முன்பே நடந்திருக்கிறது, உள்ளே புதிய குறுக்குத் தாங்கிகள் ஒட்டியிருக்கிறார்கள், விரிசல் இல்லை. ரிக்கிங்தான் செலவு: தண்ணீரில் இறக்குவதற்கு முன் எல்லாக் கம்பியும் மாற்ற வேண்டும் என்று சர்வேயர் எழுதிவிட்டார். எரிவாயு ரப்பர் குழாயும் காலாவதி. மதிப்பு 5,500 போட்டிருக்கிறார்.

முதல் நிறுவனத்துக்கு அறிக்கையை அனுப்பினேன். பரிந்துரைகளைச் செய்து முடித்ததாக எழுத்தில் உறுதி தர வேண்டும், பில்களை வைத்திருக்க வேண்டும் என்றார்கள். பயண எல்லை பிரெஸ்ட் முதல் எல்பே. சிதைவு அகற்றல் 30 லட்சத்துக்குள் அடங்கும் என்று மின்னஞ்சலில் வந்துவிட்டது. பிரீமியம் 241. கம்பி மாற்றும் ரிக்கர் தேதி கொடுத்ததும் கட்டிவிடுகிறேன். படகு கரையில் நிற்கும் இந்த மாதத்துக்கு மட்டும் 88 பாலிசி எடுக்கலாமா?

சுக்கான்:

வேண்டாம். இதே நிறுவனத்திடம் பாலிசியை இப்போதே தொடங்கச் சொல்லி, ரிக்கிங் முடியும்வரை "கரையில் மட்டும்" என்று நிபந்தனை எழுதித் தரச் சொல்லுங்கள். பல இடங்களில் செய்வார்கள். கிரேனில் தூக்கி இறக்கும்போது நேரும் சேதமும் அதில் அடங்க வேண்டும், அதைக் கேட்க மறக்காதீர்கள்.

கடற்காகம்:

வற்றும் மூரிங் என்பதையும் விண்ணப்பத்தில் எழுதுங்கள். மூரிங் சங்கிலியை ஆண்டுதோறும் பரிசோதித்த ரசீது கேட்கலாம், மூரிங் தருபவரிடம் இப்போதே வாங்கி வையுங்கள். குளிர்காலத்தில் கரையில் வைப்பதாகச் சொல்லி விலை குறைத்திருந்தால், அந்த மாதங்களில் தண்ணீரில் விடும் முன் ஒரு மின்னஞ்சல் போட்டு அனுமதி வாங்குங்கள்.