போனைச் செருகினால் "தராசு கிடைத்தது" என்கிறது என் டிரைவர்

தெமட்டகொடைப் பையன்:
புறக்கோட்டையில் மாமாவின் மொத்தக் கடை. பருப்பு மூட்டை நிறுக்கும் தராசை யூஎஸ்பி வழியாக லினக்ஸ் லப்டொப்பில் இணைக்க, கேர்னல் (லினக்ஸின் மையக்கரு) மூலநிரலோடு வரும் யூஎஸ்பி-ஸ்கெலிட்டன் என்ற மாதிரி டிரைவரைப் பார்த்து ஒரு டிரைவர் (சாதனத்தை இயக்கும் மென்பொருள்) எழுதினேன். நாளைக்கு வேறு தராசும் வரும் என்று ஐடி அட்டவணையை, அதாவது டிரைவர் ஏற்கும் சாதனங்களின் எண் பட்டியலை, தனி ஃபைலாக்கிவிட்டேன். வெண்டர் எண் (தயாரிப்பாளரைக் குறிப்பது) 0403. புராடக்ட் எண் (சாதனத்தைக் குறிப்பது) தராசுக்காரர் தாமே போட்டது.

செருகினால் டிரைவர் தானாக ஏறுவதில்லை. இன்ஸ்மாட் கட்டளையைக் கையால் கொடுத்தால்தான் ஏறுகிறது. அதைவிட விசித்திரம், நேற்று போனைச் சார்ஜுக்குப் போட்டேன், டிமெசேஜில் (கேர்னலின் செய்திப் பதிவில்) "தராசு கிடைத்தது" என்று வந்தது! கொம்பைல் பண்ணும்போது ஒரு எச்சரிக்கையும் இல்லை.

கொட்டாஞ்சேனை அண்ணன்:
தம்பி, அட்டவணையின் கடைசி வரி என்ன?

தெமட்டகொடைப் பையன்:
என் தராசின் எண்தான் அண்ணா. மாதிரியில் அதற்குக் கீழே வெறும் அடைப்புக்குறி ஒன்று இருந்தது. நிரப்பாமல் விட்டது என்று அழித்துவிட்டேன்.

கொட்டாஞ்சேனை அண்ணன்:
அங்கேதான் வினை. கேர்னலுக்கு அட்டவணையின் நீளம் தெரியாது. எல்லாம் பூச்சியமான வரி வரும்வரை படித்துக்கொண்டே போகும். அந்த வரி இல்லையென்றால் பக்கத்து நினைவகத்தில் கிடக்கும் குப்பையையும் ஐடி என்றே எடுத்துக்கொள்ளும். குப்பையில் பொருத்தக் கொடிகள் (எந்த எண்களை ஒப்பிட வேண்டும் என்று சொல்பவை) பூச்சியமாக அமைந்தால் எந்தச் சாதனமும் பொருந்திவிடும். மவுசை அதற்கான கேர்னல் டிரைவர் யூஎஸ்பிஹெச்ஐடி முதலே பிடித்துக்கொள்ளும். போனின் ஃபைல் பரிமாற்ற இடைமுகத்துக்குக் கேர்னலில் டிரைவர் கிடையாது, அதனால் உம்மிடம் வந்து மாட்டியது.

தானாக ஏறாததற்கு இன்னொரு கேள்வி: ஃபைலை மாற்றும்போது மாட்யூல்_டிவைஸ்_டேபிள் வரியும் போய்விட்டதா?

தெமட்டகொடைப் பையன்:
ஓம் அண்ணா, போய்விட்டது. அது வெறும் அலங்காரம் என்று நினைத்தேன்.

கொட்டாஞ்சேனை அண்ணன்:
அந்த வரிதான் ஐடிகளை மாட்யூலுக்குள் (கொம்பைல் செய்த டிரைவர் ஃபைலுக்குள்) அலியாஸாக, அதாவது தேடிப் பொருத்தும் பெயராக, எழுதிவைக்கிறது. டெப்மாட் கட்டளை அவற்றை மாட்யூல்ஸ்.அலியாஸ் ஃபைலில் சேர்த்தால்தான், மாட்யூலை ஏற்றும் மாட்புரோப்புக்கு எதை ஏற்றுவது என்று தெரியும். இன்னொன்று, பூச்சிய வரி இருக்கிறதா என்று கொம்பைல் நேரத்தில் மாட்போஸ்ட் என்ற சோதனைக் கருவி பார்ப்பதும் அந்த வரி காட்டும் அட்டவணையைத்தான். காவலாளியை வீட்டுக்கு அனுப்பிவிட்டுக் கதவையும் திறந்து விட்டிருக்கிறீர்!

வெள்ளவத்தை அக்கா:
இடையில் ஒரு சொல். 0403 என்பது யூஎஸ்பி-சீரியல் சிப் செய்யும் எஃப்டிடிஐ நிறுவனத்தின் எண். உள்ளே இருப்பது சாதாரண சீரியல் சிப்தான் என்றால் சொந்த டிரைவரே தேவையில்லை. கேர்னலிலேயே உள்ள எஃப்டிடிஐ_எஸ்ஐஓ டிரைவரை ஏற்றி, சிஸ் அடைவில் (கேர்னல் தன் சாதனங்களைக் காட்டும் இடம்) யூஎஸ்பி-சீரியலின் கீழ் அந்த டிரைவரிடம் உள்ள நியூ_ஐடி ஃபைலில் இரண்டு எண்களையும் எழுதிப் பாருங்கள். ரீபூட் செய்தால் போய்விடும், ஆனால் சோதிக்கப் போதும்.

தெமட்டகொடைப் பையன்:
முதலில் மாட்யூல்_டிவைஸ்_டேபிளை மட்டும் சேர்த்தேன். அட்டவணை முடிவில்லாமல் இருக்கிறது என்று மாட்போஸ்ட் உடனே கத்தியது. பூச்சிய வரியையும் போட்டு நிறுவி, டெப்மாட் ஓட்டினேன். மாட்யூல் விவரம் காட்டும் மாட்இன்ஃபோவில் அலியாஸ் தெரிகிறது, தராசு தானாக ஏறுகிறது. போனைச் செருகினேன், சார்ஜ் மட்டும் ஏறுகிறது. அக்கா சொன்னதை நாளை கடையில் பார்க்கிறேன்.