பேட்ச்சைப் பகிரும்போது எக்ஸ்டர்னல்களையும் சேர்த்து அனுப்ப வேண்டுமா?

மின்யாழ்:
பெட்டிகளைக் கோடுகளால் இணைத்து ஒலிநிரல் எழுதும் மென்பொருளான பியூர் டேட்டாவில் (சுருக்கமாகப் பிடி) செய்த பேட்ச்சை, அதாவது அந்த நிரல் கோப்பைப் பகிர்பவர், அதற்கு வேண்டிய எக்ஸ்டர்னல்கள் (பிடியோடு வராத கூடுதல் துணைக்கூறுகள்), ஒலிக்கோப்புகள் அனைத்தையும் ஒரே ஜிப்பாக அனுப்ப வேண்டும் என்பதே என் கருத்து. தனிக் கோப்பாக வந்ததைத் திறந்தால், கிடைக்காத ஆப்ஜெக்டுகள் (ஆளுக்கொரு வேலை செய்யும் பெட்டிகள்) விட்டுவிட்டுப் போன கோட்டுப் பெட்டிகளாக நிற்கின்றன, ஒலியும் வருவதில்லை. வாசிக்க வந்தவரை லைப்ரரி (எக்ஸ்டர்னல்களின் தொகுப்பு) தேடி அலைய விடுவது முறையல்ல.

அலைவரிசை:
அலைய விடக்கூடாது என்பதை ஒப்புக்கொள்கிறேன், வழியைத்தான் மறுக்கிறேன். எக்ஸ்டர்னல் என்பது கம்பைல் செய்யப்பட்ட பைனரி, அதாவது கணினி மட்டுமே படிக்கும் கோப்பு. விண்டோஸுக்கானது லினக்ஸில் ஏறாது. பேட்ச் கோப்போ வெறும் எழுத்து. நோட்பேடில் திறந்து பாருங்கள்: ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு வரி இருக்கும், ஒவ்வொரு இணைப்புக்கும் எந்தப் பெட்டியின் எந்த அவுட்லெட்டிலிருந்து எந்தப் பெட்டியின் எந்த இன்லெட்டுக்கு என்று நான்கு எண்கள் கொண்ட ஒரு வரி இருக்கும். 1996இல் மில்லர் பக்கெட் வெளியிட்ட இந்த மென்பொருளின் பெரும்பலமே இந்த எளிமைதான். படித்துப் பார்க்கக்கூடிய கோப்போடு, உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாத பைனரியை ஏன் கட்டி அனுப்ப வேண்டும்? எக்ஸ்டர்னல்களை இணையத்தில் தேடி இறக்கித் தரும் டெக்கன் என்ற கருவி, பிடியின் 0.47 பதிப்பிலிருந்து உடன் வருகிறது. அவரவர் கணினிக்கு உரியதை அவரவரே அதில் இறக்கிக்கொள்ளலாம்.

மின்யாழ்:
எதை இறக்குவது என்று தெரிந்தால்தானே? ஸ்கேல் என்ற ஆப்ஜெக்ட் சைக்ளோன் என்ற லைப்ரரியிலும் உண்டு, மேக்ஸ்லிப் என்ற லைப்ரரியிலும் உண்டு. பல லைப்ரரிகள் உடன் வந்த பழைய பிடி எக்ஸ்டெண்டட் பதிப்பின் காலத்துப் பேட்ச்சுகளில், எது எந்த லைப்ரரியைச் சேர்ந்தது என்ற குறிப்பு பெரும்பாலும் இருப்பதில்லை. மேலும், விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றுக்குமான பைனரிகளின் கோப்பு நீட்சிகள் வேறுவேறு என்பதால் மூன்றும் ஒரே ஃபோல்டரில் இருக்கலாம். பிடி தனக்கு உரியதை மட்டும் எடுத்துக்கொள்ளும். இணையம் இல்லாத வகுப்பறையில் டெக்கன் என்ன செய்யும்?

கம்பிவலை:
பிடியைப் போன்றே பெட்டிகளை இணைத்து எழுதும், விலைக்கு வரும் மேக்ஸ் என்ற மென்பொருளின் பக்கத்திலிருந்து ஒரு சொல். 2008இல் வந்த மேக்ஸ் 5 முதல் எங்கள் கோப்பும் ஜேசன் என்ற வடிவத்திலுள்ள எழுத்துதான். சுருக்கி நகலெடுத்து, அந்த எழுத்துக் குவியலை அப்படியே பதிவில் ஒட்டிவிடலாம். உரிமம் வாங்காதவரும் திறந்து ஓட்டலாம். சேமிக்க மட்டும் முடியாது. ஆனால் தனிக் கோப்பாக உள்ள அப்ஸ்ட்ராக்ஷன்கள் (வேறொரு பேட்ச்சுக்குள் ஒரு பெட்டியாகப் பயன்படும் பேட்ச்சுகள்) அந்த நகலில் வராது, அவற்றைத் தனியே தர வேண்டும்.

அலைவரிசை:
வகுப்பறை பற்றிய வாதம் சரியானது. அங்கே பைனரியை எடுத்துச் செல்லுங்கள். பொதுவில் பகிரும்போது, பேட்ச்சின் மேற்புறத்தில் எந்த லைப்ரரி வேண்டும் என்று பிடிக்குச் சொல்லும் டிக்ளேர் ஆப்ஜெக்ட் ஒன்றை வைத்து லைப்ரரியின் பெயரை எழுதுங்கள். ஸ்கேல் எந்த வீட்டுப் பிள்ளை என்ற குழப்பம் அதோடு தீரும். உங்கள் சொந்த அப்ஸ்ட்ராக்ஷன்களையும் ஒலிக்கோப்புகளையும் அதே ஃபோல்டரில் வையுங்கள், பிடி அங்கே தானாகவே தேடும். இணையத்திலிருந்து இறக்கிய பைனரியை மேக் பல வேளைகளில் தடுத்துவிடுவதால், நீங்கள் சேர்த்து அனுப்பினாலும் பெறுபவர் கோட்டுப் பெட்டியைத்தான் பார்ப்பார்.

மின்யாழ்:
டிக்ளேரை ஏற்கிறேன், பதிப்பு எண்ணையும் ஒரு கமெண்டாக எழுத வேண்டும். ஆனால் இன்று யாரும் பராமரிக்காத, டெக்கனில் தேடினாலும் கிடைக்காத எக்ஸ்டர்னலென்றால், பைனரியையும் அதன் மூலநிரலையும் சேர்த்தே அனுப்புவேன். இல்லாவிட்டால் அந்தப் பேட்ச்சை இனி எவராலும் ஒலிக்கச் செய்ய முடியாது.