அப்பாவுக்கு வந்த பி.எம். கிசான் தொகை இனி யாருக்கு?

அம்பத்தூர்வாசி:
செய்யாறு அருகே உள்ள எங்கள் ஒன்றரை ஏக்கர் நிலத்துக்காக, மத்திய அரசு விவசாயிகளுக்குத் தரும் பி.எம். கிசான் உதவித்தொகையாக ஆண்டுக்கு 6,000 ரூபாய் மூன்று தவணைகளாக அப்பாவின் கணக்கில் வந்துகொண்டிருந்தது. அவர் தை மாதம் காலமானார். பட்டா இன்னும் அவர் பெயரிலேயே உள்ளது. சென்னையில் வேலை பார்த்து வருமான வரி கட்டும் நான் விண்ணப்பிக்கலாமா?

பழைய கணக்கர்:
இயலாது ஐயா. கடந்த மதிப்பீட்டு ஆண்டில் வருமான வரி செலுத்தியவருக்கு இத்திட்டத்தில் இடமில்லை. தங்கள் தாயார் ஊரில் இருந்தால், இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் ஆகியவற்றுடன் இ-சேவை மையத்தில் முதலில் அவர் பெயருக்குப் பட்டா மாறுதல் கேட்டு மனுச் செய்யுங்கள்; பிறகு அவர் விண்ணப்பிக்கலாம். 1.2.2019-க்குப் பின் நிலம் பெற்றவருக்கு உதவி கிடையாது என்பது பொது விதியானாலும், உரிமையாளர் இறந்து வாரிசுக்கு வரும் நிலத்துக்கு அது பொருந்தாது. இதை அறியாமலேயே பலர் பேசாமல் இருந்துவிடுகிறார்கள்.

போரூர் மருமகள்:
இறப்புக்குப் பின் அப்பா கணக்கில் தவணை விழுந்திருந்தால் ஏ.டி.எம். அட்டையால் எடுத்துவிடாதீர்கள். எங்கள் சித்தப்பா அப்படி எடுத்த 4,000 ரூபாயைத் திருப்பிக் கட்ட நேர்ந்தது.

அம்பத்தூர்வாசி:
நன்றி. நாற்று நட்டே ரேகை தேய்ந்த அம்மாவின் கட்டைவிரலை எந்தக் கருவியும் ஏற்பதில்லையே?

பழைய கணக்கர்:
திட்டத்தின் கைபேசிச் செயலியில் முகத்தைக் காட்டியே இ-கே.ஒய்.சி. எனும் மின்னணு அடையாளச் சரிபார்ப்பை முடிக்கலாம், 2023 முதல் அந்த வசதி இருக்கிறது.